ஏசிக்குக் கீழே சுவர் நனைகிறது: தப்பு மெஷினிலா, சுவரிலா?

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். கும்பகோணத்தில் இரண்டு பக்கமும் பொதுச்சுவர் உள்ள பழைய வீடு. மாடி அறையில் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி, அவுட்டோர் யூனிட் மொட்டை மாடியில். ஏசித் தண்ணீரை வெளியேற்றும் டிரெய்ன் பைப்பை மழைத்தண்ணீர் இறங்கும் குழாயில் சொருகியிருக்கிறார்கள். சித்திரை, வைகாசியில் ஒரு சொட்டுக்கூட இல்லை. புரட்டாசி பிற்பாதியில் தொடங்கி ஐப்பசி முழுக்க ஏசிக்குக் கீழே சுவர் ஊறி, பெயிண்ட் உரிகிறது. மழை இல்லாத ராத்திரியிலும் சில நாள் நனைகிறது. கீழே கூடத்து மச்சிலும் பழுப்புக் கறை. இரண்டு தடவை வாட்டர் சர்வீஸ் செய்த மெக்கானிக் "சுவர்ல ஓதம் சார்" என்கிறார். கொத்தனார் "ஏசி தண்ணிதான் ஐயா" என்கிறார். வாட்டர் ப்ரூஃப் பெயிண்ட் அடித்தால் நிற்குமா என்று முடித்திருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது பெயிண்ட்டைப் பற்றி அல்ல, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான். அது தெரிந்துவிட்டால் மீதி பெரும்பாலும் ஒரு நாள் வேலை. தெரியாமல் கைவைத்தால் வருடா வருடம் ஐப்பசிச் செலவு.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியவை. மாடி அறைச் சுவரில் ஓதம் ஏறாது. ஓதம் தரையிலிருந்து செங்கல் வழியாக மேலே உறிஞ்சப்படும் ஈரம். பொதுவாகத் தரைத்தளத்தில் இடுப்பளவோடு நின்றுவிடும். ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் வந்து நிலத்தடி மட்டம் உயர்ந்ததும் டெல்டா வீடுகளில் கீழ்ச்சுவர் பொரிவது உண்மைதான், ஆனால் அது ஏழடி உயரத்தில் தொங்கும் ஏசியின் அடியில் தொடங்காது. ஆக, மெக்கானிக் சொன்ன காரணம் தள்ளுபடி. கொத்தனார் சொன்னது பாதி சரி. ஏசி சம்பந்தப்பட்ட தண்ணீர்தான், ஆனால் மெஷின் கெட்டுப்போனதால் அல்ல, பைப் போட்ட விதத்தால் வந்தது என்பது என் கணிப்பு. நேரில் பார்க்காமல் இதை முடிந்த முடிவாகச் சொல்ல முடியாது. கீழே சொல்லும் சோதனைகளை நீங்களே செய்தால் சொல்லிவிடலாம். பெயிண்ட் விஷயத்தில் சந்தேகமே வேண்டாம்: அடிக்காதீர்கள். உள்ளே ஈரம் இருக்கும்போது மேலே தடுப்புப் பூச்சு போட்டால் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் சுண்ணாம்புக் காரையையே பெயர்த்துக்கொண்டு வரும்.

சோதனைக்கு முன் ஒரு எச்சரிக்கை. ஸ்டெபிலைசரோ பிளக்கோ இண்டோர் யூனிட்டுக்கு நேர் கீழே இருந்தால் இன்றைக்கே ஏசியின் எம்.சி.பி.யை (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை) அணைத்துவிடுங்கள். சுவர் நனைந்திருக்கும்போது அந்த இடத்துச் சுவிட்ச் பெட்டியைத் தொட வேண்டாம். எலக்ட்ரீஷியனை வைத்து ஸ்டெபிலைசரைப் பக்கவாட்டில் குறைந்தது ஒரு அடி தள்ளி மாட்டுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) இல்லாத பழைய வயரிங் என்றால் அதையும் கையோடு போட்டுவிடுவது நல்லது.

எவ்வளவு தண்ணீர் என்று தெரிந்துகொண்டால் விஷயத்தின் கனம் புரியும். ஒன்றரை டன் என்பது சுமார் 5.2 கிலோவாட் குளிர்ச்சி. புழுக்கமான நாளில் அதில் கால்வாசி காற்றிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக்குவதற்கே செலவாகிறது என்று கொண்டால், கம்ப்ரசர் முழு வீச்சில் ஓடும் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய இரண்டு லிட்டர் வரும். கம்ப்ரசர் விட்டு விட்டு ஓடுவதால் நடைமுறையில் இதைவிடக் குறையும். ஆனாலும் ராத்திரி எட்டு மணி நேரத்தில் ஐந்து முதல் பத்து லிட்டர் வந்தால் ஆச்சரியமில்லை. இதில் பத்தில் ஒரு பங்கு வழி தவறினாலும் தினமும் சுவருக்குள் அரை லிட்டர், ஒரு லிட்டர் போகிறது என்று அர்த்தம்.

இனி, எப்போது நனைகிறது என்பதைக் கவனியுங்கள். நோய் எது என்பதை நேரமே காட்டிக்கொடுக்கும். ஏசி போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் சொட்டினால் இண்டோர் யூனிட்டின் அடியில் தண்ணீர் பிடிக்கும் ட்ரே ஏற்கெனவே நிறைந்திருக்கிறது, டிரெய்ன் அடைப்பு. இரண்டு மூன்று மணி நேரம் ஓடிய பிறகு மெதுவாகச் சுவர் ஈரமானால், ஆனால் யூனிட்டின் முன்பக்கத்திலிருந்து சொட்டாமல் இருந்தால், இரண்டு யூனிட்டையும் இணைக்கும் காப்பர் பைப் வியர்க்கிறது. ஏசியை நிறுத்திய பிறகு திடீரென்று கொட்டினால் காயிலில் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளில்) ஐஸ் பிடித்து உருகுகிறது. ஏசியே போடாத நாளில் மழை பெய்ததும் நனைந்தால் சுவர் ஓட்டை வழியாகவோ மழைக்குழாய் வழியாகவோ மழைத்தண்ணீர் வருகிறது. உங்கள் விவரப்படி மழை நாளிலும் நனைகிறது, மழையில்லாத சில ராத்திரியிலும் நனைகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் என்றுதான் தோன்றுகிறது. ஒன்றைச் சரிசெய்துவிட்டு, "அப்படியும் நிற்கலையே" என்று கைவிடும் இடமும் இதுதான்.

முதல் சோதனை ஒரு லிட்டர் தண்ணீர். எம்.சி.பி.யை அணைத்து, முன்மூடியைத் திறந்து, ஃபில்ட்டர்களைக் கழற்றுங்கள். காயிலின் கீழ்ப்பகுதியில், எலக்ட்ரானிக் போர்டு இருக்கும் பக்கத்துக்கு (பெரும்பாலும் வலப்பக்கம்) எதிர்ப்பக்கமாக, பாட்டிலால் மெதுவாக ஊற்றுங்கள். ஒருவர் வெளியே பைப் முனையைப் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் முனை மழைக்குழாய்க்குள் மறைந்திருப்பதால் அதை முதலில் வெளியே இழுத்து ஒரு பக்கெட்டில் விடுங்கள். ஓரிரு நிமிடத்தில் தாராளமாக வரத் தொடங்கி, கடைசியில் ஏறக்குறைய ஊற்றிய அளவு வந்துவிட்டால் ட்ரேயும் டிரெய்னும் நன்றாக இருக்கின்றன. நூல் மாதிரி வந்தால் அடைப்பு. வேகமாக வந்தும் அளவு நன்றாகக் குறைந்தால், ட்ரேயில் விரிசல் அல்லது யூனிட்டுக்குப் பின்னால் பைப் இணைப்பு கழன்றிருக்கிறது. பின்பக்க இணைப்பை வெறும் இன்சுலேஷன் டேப்பால் சுற்றிவிட்டுப் போவது சர்வ சாதாரணம். அந்தப் பசை ஈரத்தில் ஒரு வருடம் தாங்கினாலே பெரிது. அங்கே சரியான அளவு கப்ளரும் கிளிப்பும் வேண்டும்.

அடைப்பு என்றால் பெரும்பாலும் கொழகொழவென்று ஜெல்லி மாதிரி ஒரு படலம்தான். தூசியும் ஈரமும் சேர்ந்து வளரும் நுண்ணுயிர். டெல்டாவில் இதோடு அறுவடைத் தூசியும் சேர்கிறது. குறுவை அறுவடையில் புரட்டாசி, ஐப்பசியிலும், சம்பாவுக்கு தை, மாசியிலும் தெருவில் பறக்கும் சுணையும் பதரும் ஃபில்ட்டரை ஒரே வாரத்தில் மூடிவிடும். மற்ற மாதங்களில் பதினைந்து நாளுக்கொரு முறை கழுவினால் போதும். அறுவடைக் காலத்தில் வாரம் ஒரு முறை. இன்னொன்று குளவி. பைப்பின் வெளிமுனையில் மண் வைத்துக் கூடு கட்டி, ஏசி ஓடாத மார்கழி, தையில் சத்தமில்லாமல் அடைத்துவிடும். முனையில் ஒரு துண்டு கொசுவலையை ரப்பர் பேண்டால் கட்டலாம். ஆனால் மாதம் ஒரு தடவை அவிழ்த்துக் கழுவத் தயாராக இருந்தால் மட்டும். இல்லையென்றால் வலையே அடைப்பாகிவிடும்.

சுத்தம் செய்யும் முறையிலும் ஒரு தவறு நடக்கிறது. வெளியிலிருந்து பம்ப் வைத்து வேகமாக ஊதினால் அழுக்கு மறுபடி ட்ரேக்கே போகும், பின்பக்க இணைப்பும் கழலலாம். ஈரம் உறிஞ்சும் வேக்குவம் கிளீனர் இருந்தால் வெளிமுனையில் துணி சுற்றிப் பொருத்தி ஒன்றிரண்டு நிமிடம் உறிஞ்சுவதுதான் நல்ல வழி. பிறகு ஒரு டம்ளர் வெள்ளை வினிகரை அதே அளவு தண்ணீரில் கலந்து ட்ரேயில் ஊற்றி, அரை மணி நேரம் கழித்து ஒரு லிட்டர் தண்ணீர் விடுங்கள். பாத்ரூம் ஆசிட் கூடவே கூடாது. அலுமினியத் தகட்டையும் காப்பரையும் தின்றுவிடும். பிளீச்சிங் கரைசலையும் வினிகரையும் சேர்த்து ஊற்றினால் குளோரின் வாயு வரும், அதுவும் ஆகாது.

இனி முதல் குற்றவாளி, மழைக்குழாய். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் இறங்க வேண்டிய தண்ணீர் 4,600 லிட்டருக்கு மேல். குழாய் வாயில் நாலு மாவிலை, ஒரு பாலிதீன் பை கிடந்தாலே குழாய் நிறைந்து நிற்கும். அப்போது பக்கத்தில் சொருகிய ஏசி பைப்பில் தண்ணீர் பின்னோக்கி ஏறும். மொட்டை மாடி ஏசியைவிட உயரத்தில் இருப்பதால், நிறைந்த குழாயின் அழுத்தம் அந்தத் தண்ணீரை ட்ரே வரைக்கும் கொண்டுபோகப் போதுமானது. சித்திரையில் ஒரு சொட்டு இல்லாமல் வடகிழக்குப் பருவமழையில் மட்டும் நனைவதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் இல்லை. உடனே பிரித்துவிடுங்கள். ஏசி டிரெய்னுக்குத் தனிக் குழாய் வேண்டும். அதைக் கழிவறைக் குழாயிலோ செப்டிக் டேங்க் காற்றுக்குழாயிலோ சொருகக் கூடாது. நாற்றம் மட்டுமல்ல, அந்த வாயு உள்ளே வந்து காயிலையும் அரிக்கும். குளியலறைத் தரையில் தண்ணீர் இறங்கும் நஹானி டிராப்புக்கு மேலே நாலு விரல் இடைவெளி விட்டு முனையைத் தொங்கவிடலாம், அல்லது கொல்லையில் வாழைக்கு விடலாம்.

உங்கள் மாதிரி வீடுகளில் தொல்லை இங்கேதான். இருபுறமும் பொதுச்சுவர், வெளிப்பக்கம் என்று இருப்பது தெருவும் கொல்லையும் முற்றமும் மட்டும். நடு அறை என்றால் பைப் இருபது முப்பது அடி போக வேண்டும். கொத்தனார் பாஷையில் சொன்னால், வாட்டம், அதாவது சரிவு வேண்டும். பத்தடிக்குக் குறைந்தது ஒன்றேகால் அங்குலம் இறங்க வேண்டும். இரண்டரை அங்குலம் கிடைத்தால் நிம்மதி. முப்பதடிக்குக் குறைந்தபட்சம் நாலு அங்குலம். யூனிட் ஏழெட்டு அடி உயரத்தில் இருப்பதால் இது கஷ்டமில்லை, யாராவது ரசமட்டம் வைத்துப் பார்த்தால் போதும். ஏசியோடு வரும் வளையும் வெள்ளை ரிப் பைப்பைப் படுக்கையாக நீளத்துக்குப் போடக் கூடாது. ஒவ்வொரு வளையத்திலும் தண்ணீர் தேங்கும், நடுவில் தொய்ந்து தொட்டில் மாதிரி ஆகும், அங்கேதான் ஜெல்லி வளரும். அதை முதல் இரண்டு மூன்று அடிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பிறகு ஒரு அங்குல கெட்டி பி.வி.சி., மூன்றடிக்கு ஒரு கிளாம்ப், திருப்பத்தில் கூர்மையான எல்போவுக்குப் பதில் அகன்ற வளைவு (பெண்டு). தொடக்கத்தில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) வைத்து மூடி போட்டால் அடுத்த வருடம் சுத்தம் செய்ய யூனிட்டையே தொட வேண்டியதில்லை. வாட்டமே கிடைக்காத அறைக்கு ஏசித் தண்ணீரை மேலேற்றித் தள்ளும், மிதவையோடு கூடிய சின்ன கண்டென்சேட் பம்ப் உண்டு. அது பழுதானால் ஏசியைத் தானாக நிறுத்தும் சுவிட்ச் உள்ளதாக வாங்கி, அந்த வயரையும் இணைக்கச் சொல்லுங்கள். பாதிப் பேர் அந்த வயரைச் சுருட்டி உள்ளே வைத்துவிடுகிறார்கள்.

முனையை சன்ஷேடு மேல் சொட்டவிடுவது அடுத்த பழக்கம். சன்ஷேடின் வாட்டம் சில வீடுகளில் சுவரை நோக்கியே இருக்கும். தண்ணீர் அங்கே தேங்கி ஜன்னல் மேல்சுவர் வழியாக அறைக்கே திரும்பி வரும். பக்கத்து வீட்டுச் சுவரில் சொட்டவிட்டால் சுவரும் கெடும், உறவும் கெடும்.

இரண்டாவது சந்தேகம் சுவர் ஓட்டை. பழைய சுவர் ஒன்றேகால் அடி கனம் இருக்கும். அதில் போடும் இரண்டரை அங்குல ஓட்டை வெளிப்பக்கம் ஒரு சென்டிமீட்டராவது தாழ்ந்திருக்க வேண்டும். டிரில்லைக் கையால் பிடித்துப் போடும்போது கை அசந்து உட்பக்கம் தாழ்ந்துவிடுவது உண்டு. அப்புறம் அது மழைக்கு நேர் வாசல். ஓட்டைக்குள் ஒரு பி.வி.சி. குழாயை உறை மாதிரி இறக்கி, பைப்களை அதற்குள் விட்டு, வெளிவாயை ஏசி புட்டியால் (களிமண் மாதிரி இருக்கும் அடைப்புப் பசை) அடைக்க வேண்டும். அவுட்டோர் யூனிட் மாடியில் இருப்பதால் உங்களுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. மேலிருந்து இறங்கும் காப்பர் பைப்பைப் பிடித்துக்கொண்டே மழைத்தண்ணீர் ஒழுகி வந்து நேராக ஓட்டைக்குள் நுழையும். இதைத் தடுக்க, பைப் ஓட்டைக்குக் கீழே அரை அடி இறங்கி, வளைந்து, மறுபடி ஏறி உள்ளே போக வேண்டும். தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். இந்த வளைவு காப்பருக்கும் வயருக்கும் மட்டும்தான். டிரெய்ன் பைப்பை அதோடு சேர்த்துக் கட்டி மேலே ஏற்றினால் தண்ணீர் நின்றுவிடும். அது கட்டிலிருந்து பிரிந்து நேராகக் கீழே போக வேண்டும். சோதனை எளிது: ஏசியை அணைத்துவிட்டு, மாடியில் ஒருவர் பைப் மேல் கால் மணி நேரம் ஓஸால் தண்ணீர் விடட்டும், உள்ளே ஓட்டையைச் சுற்றி உலர்ந்த காகிதத்தை ஒட்டி வையுங்கள். காகிதம் நனைந்தால் பதில் கிடைத்துவிட்டது.

மழையில்லாத ராத்திரியில் நனைவதற்கு நான் சந்தேகப்படுவது பைப் வியர்ப்பதை. ஐப்பசி ராத்திரியில் காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று படும் எந்தப் பொருளும் 26 டிகிரிக்குக் கீழே இருந்தால் வியர்க்கும். குளிர்ந்த அறைக்குள் 25 டிகிரி, 55 சதவீதம் என்றால் அந்த எல்லை 15 டிகிரி. ஆகவே, 20 டிகிரியில் இருக்கும் ஒரு பைப் உறை அறைக்குள் காய்ந்தே இருக்கும், அதே உறை முற்றத்திலும் சுவருக்குள்ளும் சொட்டும். வெளியில் போகும் காப்பர் பைப் ஓடும்போது ஏழெட்டு டிகிரியில் இருக்கும். அரை அங்குலக் காப்பருக்கு 9 மில்லிமீட்டர் ஃபோம் போட்டால், மேலே சொன்ன காற்றில் ஃபோமின் வெளிப்பரப்பு கணக்குப்படி 24 டிகிரி, கட்டாயம் வியர்க்கும். 13 மில்லிமீட்டர் சரியாக எல்லையில் நிற்கும். 19 மில்லிமீட்டர் என்றால் 27 டிகிரிக்கு மேல், காய்ந்திருக்கும். வறண்ட ஊருக்குப் போதுமான உறை இங்கே போதாது என்பதற்கு இதுதான் கணக்கு. கறுப்பு நைட்ரைல் ரப்பர் உறையை, சுவருக்குள்ளும் கூடத்திலும் போகும் பகுதிக்காவது, 19 மில்லிமீட்டரில் கேளுங்கள். ஓட்டை சின்னதாக இருந்து உறை நுழையாவிட்டால் ஓட்டையைப் பெரிதாக்குங்கள். உறையை நசுக்கித் திணிக்க வேண்டாம்.

இரண்டு காப்பர் பைப்பில் சின்னதற்கும் உறை வேண்டும். ஸ்பிளிட் ஏசிகளில் கேஸ் (உள்ளே சுற்றும் குளிரூட்டும் வாயு) விரிவடையும் இடம் பெரும்பாலும் அவுட்டோர் யூனிட்டிலேயே இருப்பதால் குளிரூட்டும்போது இரண்டு பைப்பும் குளிர்ந்தவைதான். "சின்னதுக்குத் தேவையில்லை" என்று விட்டுவிடுவதும், இரண்டையும் ஒரே உறையில் போடுவதும் தவறு. டேப்பை இறுக்கிச் சுற்றினால் ஃபோம் அமுங்கி 9 மில்லிமீட்டர் 4 ஆகிவிடும். வெளியில் டேப் சுற்றும்போது கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். அப்போதுதான் ஓடு வேய்ந்த மாதிரி மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மேல் ஏறி நின்று மழையை வெளியே தள்ளும். மேலிருந்து சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் ஒரு குட்டிக் கிண்ணம். மொட்டை மாடியில் வெயில் ஃபோமைப் பொடியாக்கும், மிச்சத்தை அணில் கூடு கட்ட உருவிக்கொண்டு போகும்; அந்தப் பகுதியை ஒரு பி.வி.சி. குழாய்க்குள் விட்டுவிட்டால் இரண்டிலிருந்தும் தப்பிக்கலாம். அறைக்குள்ளோ கூடத்திலோ ஜிப்சம் சீலிங்குக்கு மேல் போகும் டிரெய்ன் பைப்புக்கும் உறை தேவை. அதில் ஓடுவதும் குளிர்ந்த தண்ணீர்தான்.

ஐஸ் பிடிப்பது உங்கள் அறிகுறியோடு பொருந்தவில்லை, ஆனாலும் ஒரு தடவை முன்மூடியைத் திறந்து பாருங்கள். ஃபில்ட்டர் சுத்தமாக இருந்தும், காற்று வேகமாக வந்தும் காயிலின் ஒரு பகுதியில் மட்டும் வெள்ளையாகப் படிந்தால் கேஸ் குறைவு. ஏசி கேஸ் தேய்ந்து தீர்ந்துபோகும் பொருள் அல்ல, குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. நைட்ரஜன் அடித்து ஒழுகலைக் கண்டுபிடிக்காமல் கேஸ் நிரப்பி "டாப் அப்" மட்டும் செய்பவரை அனுப்பிவிடுங்கள். ஆர்-32 வாயு தீப்பற்றக்கூடிய வகை என்பதால் அறைக்குள் பற்றவைப்பு வேலையை ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் செய்ய வேண்டும். ஐஸைக் கத்தியால் சுரண்டாதீர்கள். ஃபேன் மோடில் இரண்டு மூன்று மணி நேரம் ஓடவிட்டால் உருகிவிடும், கீழே பழைய துண்டைப் போட்டு வையுங்கள். யூனிட் மட்டம் சரியா என்பதையும் ரசமட்டத்தில் பார்த்துவிடலாம்: சமமாகவோ, டிரெய்ன் பக்கம் ஒரு நூல் தாழ்ந்தோ இருக்க வேண்டும். பழைய காரைச் சுவரில் திருகு தளர்ந்து யூனிட் ஒரு பக்கம் சாய்வது அடிக்கடி நடக்கும்.

ஏசியின் காற்று வாயில் மட்டும் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் அது பழுதல்ல, பயன்படுத்தும் விதம். முற்றத்துக் கதவைத் திறந்துவைத்து, 18 டிகிரியில், ஃபேனைக் குறைத்து வைத்தால் எந்த ஏசியும் வியர்க்கும். 2020 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் நட்சத்திர முத்திரை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்குகின்றன. டெல்டாவின் ஈரத்துக்கு அதுவே நல்ல இடம். புழுக்கம் மட்டும் இருந்து வெயில் இல்லாத ராத்திரியில் ட்ரை மோடு போதும். சின்ன அறைக்குப் பெரிய ஏசி வாங்குவதும் ஈரத்தை வளர்க்கும். அறை சீக்கிரம் குளிர்ந்து கம்ப்ரசர் நின்றுவிடும், ஈரத்தை உறிஞ்ச நேரமே கிடைக்காது.

கூடத்து மச்சின் கறையை இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கட்டை போட்டுச் செங்கல் அடுக்கிய மச்சு என்றால், சுவருக்குள் இறங்கும் தண்ணீர் போய்ச் சேருமிடம் உத்திரத்தின் சுவருக்குள் பதிந்த முனை. வெளியே தெரியும் பகுதி கல் மாதிரி இருக்க, முனை மட்டும் உளுத்திருக்கும். ஈரம் இருந்தால் கரையானும் வரும். மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் சுவரை ஒட்டிய இடத்தில் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் சிரமமில்லாமல் இறங்கினால், அல்லது கறையுள்ள இடத்தில் மச்சு தொய்ந்திருந்தால், கீழே படுப்பதை நிறுத்திவிட்டு ஒரு கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அது ஏசி மெக்கானிக்கின் வேலையும் அல்ல, தூரத்திலிருந்து சொல்லித் தீர்க்கும் விஷயமும் அல்ல.

செய்யும் வரிசை: இன்றே மழைக்குழாயிலிருந்து டிரெய்னைப் பிரித்து பக்கெட்டில் விடுங்கள், முனை பக்கெட் தண்ணீருக்குள் முங்காதபடி. பக்கெட்டைத் தினமும் காலி செய்யுங்கள். ஒரு வாரம் தேங்கினால் டெங்குக் கொசுவுக்கு அது போதும். அந்தத் தண்ணீர் செடிக்கும் தரை துடைக்கவும் ஆகும், குடிக்கக் கூடாது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுவதும் வேண்டாம், காயிலிலிருந்து தூசியும் உலோகமும் கலந்திருக்கும். இப்படியே ஒரு வாரம் விட்டு, மழை பெய்த நாள், பெய்யாத நாள், ஏசி ஓடிய மணி, சுவர் நனைந்ததா என்று காலண்டரில் குறித்து வாருங்கள். சுவரில் பென்சிலால் ஈரத்தின் விளிம்பைக் கோடிட்டுத் தேதி போடுங்கள். மழை நாளில் நனைவது மட்டும் நின்றுபோனால் மழைக்குழாய்தான் காரணம். மீதி ராத்திரிகளின் கணக்கு பைப் உறையில் இருக்கிறது. பிறகு மெக்கானிக்கிடம் "சர்வீஸ் பண்ணுங்க" என்று பொதுவாகச் சொல்லாமல் இரண்டு வேலையை மட்டும் கேளுங்கள்: இரண்டு பைப்புக்கும் தனித்தனி உறை மாற்றுவது, தனி டிரெய்ன் வாட்டத்தோடு போடுவது. வாட்டர் சர்வீஸ் காயிலைத்தான் கழுவும், சுவருக்குள் இருக்கும் பைப்பை அல்ல.

சுவர் வேலை கடைசியில். தண்ணீர் நின்றது என்று பென்சில் கோடு காட்டிய பிறகு, உப்பிய பெயிண்ட்டையும் பொரிந்த காரையையும் கெட்டியான இடம் வரும்வரை சுரண்டி எடுத்துவிடுங்கள். வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் மட்டும் தட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போகும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே போடச் சொல்லுங்கள். சிமெண்ட் ஒட்டு போட்டால் அந்த இடம் மூச்சுவிடாமல், ஈரம் ஒட்டின் விளிம்பைச் சுற்றி வெளியே வரும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் அவசரத்தில் இதையும் முடித்துவிடத் தோன்றும். மார்கழிப் பனியில் ஒன்றேகால் அடிச் சுவர் காயாது. திறந்தபடியே விட்டு, மாசி, பங்குனியில் ஒரு பாலிதீன் காகிதத்தை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் கழித்துப் பாருங்கள். காகிதத்தின் உட்புறம் முத்துப் பிடிக்காமல் இருந்தால் அன்றைக்குப் பூச்சு வேலையை ஆரம்பிக்கலாம்.